தராசு ஆய்வாளரும் புது டாக்டரும்

கடைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் தராசைப் பார்ப்பார். பிறகுதான் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். எடை அளவுத் துறையில் ஆய்வாளர் உத்தியோகம். முத்திரை குத்திய பித்தளைப் படிக்கற்கள் அடங்கிய தோல்பை விடுமுறை நாளிலும் அவரோடு வெளியே கிளம்பும். கடைத்தெருவில் அவருக்குப் ‘படிக்கல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. கூடுதலாக நிறுத்துக் கொடுத்த கடைக்காரர் ஒருவரைக்கூட அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. மனிதர்கள் தவறுவதெல்லாம் குறைவான பக்கமாகத்தான் என்பது அவருடைய முடிவு.

அவருடைய மனைவி வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் நிலையம் நடத்திவந்தாள். ஒரு சுழல் நாற்காலி, சுவரை அடைத்த கண்ணாடி, தலை அலசும் தொட்டி, அவ்வளவுதான். காலையிலிருந்து மாலைவரை அவளுடைய வலது கை தோள் உயரத்திலேயே நிற்கும். கத்தரிக்கோலுக்குக் கனமில்லை, கையை இறக்காமல் வைத்திருப்பதுதான் கனம் என்பாள். அந்த அறை அந்தக் கையை நம்பி இருந்தது. அவளும் அப்படித்தான்.

அதே வலப்பக்க மார்பில் ஒரு கட்டி வந்தது. பெரிய பட்டாணி அளவுதான் இருக்கும். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது.

மருத்துவமனையில் மார்பு அறுவைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தலை நரைத்த பெரிய டாக்டர். குடலிறக்கமும் பித்தப்பையும் மார்பும் அவருக்கு ஒரே கைப்பழக்கம். மற்றவர் அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண் மருத்துவர். அறுவையில் மார்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அன்றைக்கு யாருக்கு எந்த அறை என்று சீட்டுக் கொடுத்த கை, ஆய்வாளரின் மனைவியைப் புது டாக்டரிடம் அனுப்பிவிட்டது.

புது டாக்டர் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார். உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லி, “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார். பதிலைக் கேட்டபின் சொன்னார்: கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் மட்டும் எடுப்போம், பிறகு கதிர்வீச்சு. எல்லோருக்கும் அக்குளில் நிணநீர் முடிச்சுகள் ஒரு கொத்தாக இருக்கும். மார்பில் நீலச் சாயம் ஏற்றினால் எவை முதலில் நீலமாகின்றனவோ, நோய் பரவினால் அவற்றில்தான் முதலில் போய்த் தங்கும். அவற்றை மட்டும் எடுத்து, உடனே பரிசோதிப்போம். அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடமாட்டோம். முழுவதையும் வழித்தெடுத்தால் சிலருக்குக் கை வீங்கிவிடும்; அப்படி வீங்கிய கை லேசில் வற்றாது.

ஆய்வாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டார். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

“பெரிய டாக்டர் எல்லாத்தையும் எடுத்துடுவாராம். வெளியே உக்காந்திருந்த அம்மா சொன்னாங்க. இவங்க மட்டும் ஏன் ரெண்டு எடுத்துட்டு நிறுத்தறாங்க?”

“அதான் சொன்னாங்களே, கைக்காக.”

“கைக்காகன்னு சொல்றாங்க. எடுக்கத் தெரியலைன்னா யாராவது தெரியலைன்னு சொல்லுவாங்களா?”

“நீங்க இதையும் நிறுத்துப் பாக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் இறங்கிப் போனாள்.

அவர் நிறுத்துப் பார்க்கத்தான் செய்தார். அதற்கு வாய்ப்பும் தானாக வந்தது. அந்த மருத்துவமனையின் தராசுகளைச் சோதிக்கும் முறை அந்த வாரம் அவருடையது. சமையற்கூடத்துத் தராசு, மருந்தகத்துத் தராசு எல்லாம் முடித்துப் பிரசவப் பிரிவுக்குப் போனார். பிறந்த குழந்தைகளை நிறுக்கும் தட்டில் படிக்கல்லை வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் புது டாக்டர் நின்றிருந்தார். கையில் அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தை. பிடித்திருந்த பிடியில் பழக்கம் தெரிந்தது.

“அந்த டாக்டர் இங்க என்ன பண்றாங்க?” என்று நர்ஸிடம் கேட்டார்.

“அவங்களா? ஆள் குறைஞ்சா கைகொடுக்க வருவாங்க சார். அவங்க அசல்ல பிரசவ டாக்டர்தானே.”

ஆய்வாளர் படிக்கல்லைத் தட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். நர்ஸ் பின்னால் ஓடிவந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். ஈரத்தலையோடு, கழுத்தில் துண்டு சுற்றி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்த வங்கிக்கார அம்மாள்.

“உள்ள வா, ஒரு விஷயம் பேசணும்” என்றார்.

“இங்கயே சொல்லுங்க. தலை பாதியில நிக்குது.”

“அந்த டாக்டர் பிரசவம் பாக்கறவங்க.”

“ஆமா.”

“ஆமாவா? உனக்குத் தெரியுமா?”

“முதல் நாளே சொன்னாங்க, நீங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தப்ப. அவங்க படிச்ச நாட்டுல பெண்களுக்கான வைத்தியத்துலதான் மார்பும் சேர்ந்ததாம். கர்ப்பப்பை, பிரசவம், மார்பு எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா இப்படி நிப்பீங்கன்னுதான்.”

நாற்காலியிலிருந்து வங்கிக்கார அம்மாள் கண் திறவாமலே, “சார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. பல் டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுவமா?” என்றார்.

“அக்கா, நீங்க தலையை ஆட்டாதீங்க. காதுகிட்ட கத்தரி இருக்கு” என்றாள் மனைவி.

மறுநாள் அவர் புது டாக்டரைத் தனியாகப் பார்க்கப் போனார். தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, அரசாங்கக் குரலில், எங்கே படித்தீர்கள், யாரிடம் படித்தீர்கள், முதலில் எதை வெட்டப் பழகினீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். பதில் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“ஒண்ணு கேக்கலாமா? உங்களை யாராவது அனுப்பினாங்களா?” என்று அவரே கேட்டார்.

“என்னையா? யார் அனுப்புவாங்க?”

“இந்த ஆஸ்பத்திரியில நான் வந்ததுல எல்லாருக்கும் சந்தோஷம்னு சொல்ல முடியாது. நீங்களும் ஏதோ துறையில இன்ஸ்பெக்டர்னு கேள்விப்பட்டேன்.”

“நான் தராசுதாங்க பாக்கறேன்.”

டாக்டர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் விளக்கினார். தாம் படித்த நாட்டில் மார்பு பெண்கள் மருத்துவத்தின் பங்கு. மார்பை ஒலியலை ஸ்கேனில் பார்ப்பதும் அங்கே அறுவை மருத்துவரே. பிறகு பயிற்சிக்குப் போன நாட்டில் பொது அறுவை படித்தவர்தான் மார்புக்கு வருவார். ஆனால் வந்தபின் வயிற்றைத் தொடமாட்டார், எடுத்த இடத்தை அழகாக மூடவும் அவரே பழகிக்கொள்வார். வேறு சில இடங்களில் எடுப்பவர் ஒருவர், மூடுபவர் இன்னொருவர். இங்கே ஒரே ஆள் காலையில் குடலையும் மதியம் மார்பையும் பார்க்கிறார்.

“அப்ப இதுல எது சரி?”

“எல்லா இடத்துலயும் பொம்பளைங்க பிழைக்கறாங்க. எல்லா இடத்துலயும் சிலர் பிழைக்கறதில்லை” என்றார் டாக்டர். “நான் உங்க மனைவிக்கு எல்லாத்தையும் விளக்கிச் சொல்லியாச்சு. அவங்களும் என்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு.”

“என்ன சொன்னா?”

“அதை நீங்க அவங்ககிட்டதான் கேக்கணும்.”

இப்படி ஒரு பதில் ஒரு கடைக்காரரிடமிருந்து வந்திருந்தால் ஆய்வாளர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்திருப்பார்.

பழைய கதை ஒன்று உண்டு. ஒரு காட்டில் எல்லா விலங்குகளும் ஒரே குளத்தில் தண்ணீர் குடித்துவந்தன. பூனை நாக்கால் நக்கிக் குடிக்கும். ஒருநாள் அது எதிர்க்கரையில் ஒரு மானைக் கண்டது. மானின் வாய் நீரில் அமிழ்ந்திருந்தது. நாக்கு வெளியே வரவேயில்லை. இது குடிக்கிறதா, குடிப்பதுபோல் நடிக்கிறதா என்று பூனைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மான் போனபிறகும் பூனை மாலைவரை அங்கேயே உட்கார்ந்து, குளத்தின் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததாம்.

ஆய்வாளரும் தம் குளக்கரையை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று மாலையே பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தார்.

பெரிய டாக்டர் இனிமையானவர். தோளைத் தொட்டுப் பேசினார்.

“நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்.”

“எதுக்குப் பக்கத்துல இருக்கணும்?”

“அது விதி. வெளிநாட்டுப் படிப்பு இல்லையா? இந்த நாட்டுல முதல் வருஷம் அந்தம்மா தனியா அறுவை செய்யக் கூடாது. நான் கூட நிக்கணும்.”

“தப்புப் பண்ணுவாங்கன்னா?”

“அப்படியெல்லாம் இல்லை. நல்லா செய்யறாங்க. கொஞ்சம் மெதுவா செய்வாங்க. கொஞ்சமா எடுப்பாங்க.” பெரிய டாக்டர் சிரித்தார். “எனக்கு அரைகுறையா விட்டுட்டு வந்தா வீட்டுல சாப்பாடு இறங்காது. நான் பழகினது அப்படி.”

கொஞ்சமாக எடுப்பார்கள் என்ற சொல் ஆய்வாளரின் மனத்தில் முள் மாதிரி தைத்தது. காவல் இல்லாமல் கத்தி எடுக்க முடியாத ஒருவர். அதிலும் குறைத்து எடுப்பவர். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் தமக்குள் ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டே நடந்தார்.

மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருப்பவன், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட மாத்திக்கறோம்” என்றார் ஆய்வாளர்.

“அத்தான் தீர்ப்பு சொல்லிட்டாரு. அக்கா, முத்திரை குத்தறதுதான் பாக்கி” என்றான் தம்பி.

“நீ சும்மா இருடா. அந்தம்மாவுக்குத் தனியா கத்தி பிடிக்கவே அனுமதி இல்லை, தெரியுமா உங்களுக்கெல்லாம்?”

“தெரியும்” என்றாள் மனைவி, துடைப்பதை நிறுத்தாமல்.

“அதுவும் தெரியுமா?”

“அதுவும் அவங்களே சொன்னாங்க.”

“எல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்கு. என்னை மட்டும் ஊரெல்லாம் சுத்த விட்டிருக்க.”

“நான் எங்க விட்டேன்? நீங்களா சுத்தினீங்க.” அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். “இங்க பாருங்க. பெரிய டாக்டர்கிட்டயும் நான் போய்ட்டு வந்தேன். நல்லவருதான். படுக்கவச்சுப் பாத்தாரு, எப்ப சேரணும்னு தேதி சொன்னாரு. என் கையைப் பத்தி நான் கேட்டேன். வீங்கினா ஒரு இறுக்கமான உறை போட்டுக்கலாம்மா, வீட்டு வேலைக்கு ஒண்ணும் குறை வராதுன்னாரு. நான் என்ன வேலை பாக்கறேன்னு அவருக்குத் தெரியாது. கேக்கலை.”

“உயிர் பெரிசா, கை பெரிசா?”

“ரெண்டும் எனக்குத்தான் பெரிசு. உங்களுக்கு ஒண்ணுதான் பெரிசு, அதுவும் எனக்குத் தெரியும்.”

“டாக்டர்கிட்ட என்னமோ சொல்லியிருக்கியாம். என்ன சொன்ன?”

“அது எனக்கும் அவங்களுக்கும்.”

தம்பி நாற்காலியைச் சுற்றுவதை நிறுத்தினான். ஆய்வாளர் அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். அவள் எழுப்பவில்லை.

அறுவை அன்று காலை, அவளைச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போனார்கள். வலது மார்பில் புது டாக்டர் பேனாவால் கோடுகள் வரைந்திருந்தார். தையற்காரர் துணியில் போடும் கோடு மாதிரி இருந்ததைப் பார்த்து ஆய்வாளருக்கு மேலும் கலக்கமாயிற்று. தெரிந்தவருக்குக் கோடு எதற்கு?

அறுவை அறைக்கு வெளியே இரும்பு பெஞ்சில் அவரும் மைத்துனனும் உட்கார்ந்தார்கள். எதிரே இரட்டைக் கதவு, மேல்பாதி கண்ணாடி. அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே எதிர்பாராதது எதையாவது கண்டால், மூத்த மருத்துவர் வெளியே வந்து உறவினரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போவார். பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். அதனால் கதவு அசைந்தாலே பெஞ்சு முழுவதும் எழுந்து நிற்கும்.

கதவு திறந்தது. பெரிய டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நேரே ஆய்வாளரிடம் வந்தார்.

“மார்புக் கட்டி நல்லபடியா வந்துடுச்சு. அக்குள்ள ரெண்டு நீலமாச்சு. பரிசோதனைக்கு அனுப்பி இப்பதான் பதில் வந்துச்சு. ஒண்ணு சுத்தம். இன்னொண்ணுல ஒரு துளி இருக்கு.”

“துளின்னா?”

“கொஞ்சமாத்தான். ஆனா இருக்கு. என் கணக்குல இந்த இடத்துல முழுசா வழிச்சு எடுத்துடணும். அந்தம்மா வேண்டாங்கறாங்க, இதோட நிறுத்திக் கதிர்வீச்சு கொடுத்தாப் போதுங்கறாங்க. பொறுப்பு என்னுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் உள்ள போய் எடுத்துடுவேன்.”

மைத்துனன் அவர் முழங்கையைப் பிடித்தான். “எடுக்கச் சொல்லுங்க அத்தான். கை வீங்கினா வீங்கட்டும். அக்கா இருந்தாப் போதும்.”

ஆய்வாளரின் வாய் ‘சரி’ என்று சொல்லத் திறந்தேவிட்டது. இத்தனை நாளாக அவர் சந்தேகப்பட்டதெல்லாம் இப்போது உண்மையாகிவிட்டது: குறைத்து எடுத்தார்கள், எடுத்ததிலேயே நோய் இருக்கிறது, நேர்மையானவர் ஒருவர் வந்து நிறைத்துத் தருகிறேன் என்கிறார். கூடுதலாக நிறுத்துத் தருவாரென்று வாழ்நாள் முழுவதும் அவர் காத்திருந்த கடைக்காரர் இவர்தான்.

அதுதான் இடித்தது.

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே இன்னொரு கதவும் பாதி திறந்திருந்தது. புது டாக்டர் உறையிட்ட கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, படுக்கையைப் பார்த்து நின்றிருந்தார். வெளிப்பக்கம் திரும்பவேயில்லை. கேட்க வேண்டியவரை ஏற்கெனவே கேட்டுவிட்டவரின் நிற்பு அது என்று ஆய்வாளருக்குத் தோன்றியது. சாமர்த்தியமான நடிப்பாகவும் இருக்கலாம் என்றும் தோன்றியது.

“டாக்டர், ஒரு துளி இருந்தா என்ன பண்றதுன்னு முன்னாடியே யாராவது என் மனைவியைக் கேட்டீங்களா?”

பெரிய டாக்டர் முகமூடியின் நாடாவைச் சரிசெய்தார். “அந்தம்மா கேட்டிருக்காங்க. அது அவங்க வழக்கம்.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணு ரெண்டுல கொஞ்சமா இருந்தா நிறுத்திடுங்கன்னு சொல்லியிருக்காங்க.”

“அப்ப என்னை எதுக்குக் கேக்கறீங்க?”

“அவங்க மயக்கத்துல இருக்காங்க. நீங்க புருஷன்.”

“நல்லா முழிச்சுக்கிட்டு இருக்கும்போதுதானே சொல்லியிருக்கா.”

ஆய்வாளர் கடைத்தெருவில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார். ஒரு பதில் கையில் இருக்கும்போதே இன்னொருவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்பவருக்குத் தேவை வேறொரு பதில். அவருடைய சந்தேகம், அதுவரை புது டாக்டர் பக்கமாகவே சாய்ந்திருந்தது, முதன்முறையாக இந்தப் பக்கம் சாய்ந்தது. அதை அவர் விரும்பவில்லை. பெரிய டாக்டர் நல்லவர். நல்லவர்களைச் சந்தேகிப்பது மற்றவர்களைச் சந்தேகிப்பதைவிடக் கஷ்டமான வேலை.

“நிறுத்தினா தப்பா? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, பழகினதை விடுங்க.”

பெரிய டாக்டர் “தப்புன்னு சொல்ல மாட்டேன். இந்த அளவுக்குப் பல நாட்டுல நிறுத்திடறாங்க. நிறுத்தினவங்களும் மத்தவங்க மாதிரியேதான் இருக்காங்கன்னு நானும் படிச்சிருக்கேன்” என்றார். “என் கைக்குத்தான் அது பழகலை.”

“அப்ப அவ சொன்னபடியே.”

“அத்தான்” என்றான் மைத்துனன்.

“உங்க அக்கா நாளைக்கு எழுந்து என்னைக் கேப்பா. உன்னை இல்லை.”

பெரிய டாக்டர் தலையசைத்தார். கோபமா, நிம்மதியா என்று ஆய்வாளரால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகமூடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். கதவு இரண்டு முறை ஆடி நின்றது.

அதன்பிறகு ஆய்வாளர் பெஞ்சில் உட்காரவில்லை. சரியானதைச் சொன்னோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. புது டாக்டரை நம்பிச் சொன்னாரா என்றால் அதுவுமில்லை. மைத்துனன் தேநீர் வாங்கிவந்து நீட்டினான். வாங்கிக் கையிலேயே வைத்திருந்து ஆறவிட்டார்.

பிற்பகலில் அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாயத்தின் நீலம் தோலில் லேசாகப் படர்ந்து, முகம் வெளிறியிருந்தது. சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

“பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டாங்க அக்கா உன்னை” என்றான் தம்பி. அவள் சிரிக்க முயன்று இருமினாள். நாக்கு உலர்ந்திருந்தது. தண்ணீர் கேட்டாள், இப்போது கூடாது என்று ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் அவள் முதலில் கணவரைத்தான் தேடினாள்.

“யாராவது வெளியே வந்து உங்களை ஏதாவது கேட்டாங்களா?”

ஆய்வாளருக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்த எத்தனையோ பெண்கள் இந்தக் கதவைப் பற்றியும் இந்தப் பெஞ்சைப் பற்றியும் அவளிடம் பேசியிருப்பார்கள். அவளுடைய பயம் கத்தியைப் பற்றியதே அல்ல.

“கேட்டாங்க. பெரிய டாக்டர் வந்தாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நீ சொன்னபடி செய்யச் சொன்னேன்.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள்.

“நிஜமாவா?”

“நிஜமா.”

அவள் தம்பியையும் ஒரு முறை பார்த்தாள். அவன் தலையாட்டினான். அதுவும் அவளுக்குப் போதவில்லை. முழுவதையும் வழித்தெடுத்தால் ஊறும் நீர் வடிய விலாப்புறத்தில் ஒரு குழாய் வைத்து, அதன் முனையில் ஒரு புட்டியைத் தொங்கவிடுவார்கள் என்று புது டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். இடது கையைப் போர்வைக்குள் விட்டாள். வலது அக்குளின் கட்டு வரை மெல்ல நகர்த்தினாள். கட்டின் ஓரத்தைத் தடவினாள், விலாவைத் தடவினாள், முதுகுப்பக்கம் விரல் எட்டியவரை தடவினாள். வலி முகத்தில் தெரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. படுக்கையின் அந்தப் பக்கம் ஏதாவது தொங்குகிறதா என்று குனிந்து பார்க்கும்படி தம்பியிடம் சொன்னாள்.

ஆய்வாளர் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவரும் சோதித்துத்தான் பார்த்திருப்பார்.

“ஒண்ணும் தொங்கலை அக்கா” என்றான் தம்பி.

“குழாய் இல்லை” என்றாள் அவள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வலது கை விரல்களைப் போர்வையின் மேல் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள்.